கையெழுத்து இல்லாத தொழில்

பையனின் விசாவுக்காக ஒரு நெட்வொர்த் சர்ட்டிபிகேட் வேண்டியிருந்தது. போன மாதம் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ஆடிட்டர் சாரிடம் போனேன். மாயவரத்துக்காரர். புனேவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. சண்டை மராத்தியில் போடுவார், கூட்டல் மட்டும் தமிழில்தான். பேங்க் பாஸ்புக், பத்திர நகல் எல்லாவற்றையும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். ஊரில் இருக்கும் மனைக்கு நான் சொன்ன மதிப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. "ஆதாரம் இருந்தா கொண்டாங்க, சேர்க்கறேன்" என்று அதை விட்டுவிட்டே எழுதினார். தெரிந்தவர்தானே, இவ்வளவு கறார் எதற்கு என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டு, கீழே உறுப்பினர் எண்ணை எழுதி, கம்ப்யூட்டரில் தட்டி 18 இலக்க எண் ஒன்றையும் வாங்கிச் சேர்த்தார். 2019-லிருந்து அவர்கள் தரும் சான்றிதழ்களுக்கெல்லாம் அந்த எண் கட்டாயமாம்.

"தப்பா இருந்தா நாளைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. அது சரி சார், உங்க லைன்ல இந்த மாதிரி கையெழுத்து எங்க போடுவீங்க?"

"லீவு லெட்டர்ல சார்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பொட்டி தட்டுகிறேன். நான் எழுதியவை வங்கிகளில் ஓடியிருக்கின்றன, ஆஸ்பத்திரி பில்களில் ஓடியிருக்கின்றன. எதன் கீழும் என் பெயர் இல்லை. பட்டயக் கணக்கர்களுக்கு 1949-ல் சட்டம் வந்தது, வக்கீல்களுக்கு 1961-ல், ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ல். தப்புச் செய்தால் பெயரை நீக்க ஒரு பதிவேடு இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

அதற்காக எங்களிடம் சான்றிதழே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் உலகத்திலேயே உயர்ந்த தரச்சான்றைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் நாம்தான். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெங்களூர், ஹைதராபாத், புனே, சென்னை என்று எந்த ஊரில் எந்தக் கம்பெனி வாசலில் நுழைந்தாலும் "சி.எம்.எம். லெவல் 5" என்று வரவேற்பறையில் ஒரு பலகை மாட்டியிருக்கும். என் வயது ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்தப் பலகை எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதைத் தொலைத்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

முதலில் ஹூஸ்டனுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் விண்வெளி ஓடத்துக்குள் ஓடும் மென்பொருளை எழுதிய குழு அங்கே இருந்தது. முதலில் ஐ.பி.எம்.மின் ஒரு பிரிவு. பிறகு கைமாறி லாக்ஹீட் மார்ட்டினிடம் போனது. 1996-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதியது, எங்கள் தொழிலில் பலரும் படித்த கட்டுரை. சுமார் 260 பேர், 4,20,000 வரி நிரல். அப்போதைக்குக் கடைசியாக வந்திருந்த மூன்று பதிப்புகளில் தலா ஒரே ஒரு பிழை. ஓடத்தில் ஜி.பி.எஸ். சேர்க்க 6,366 வரிகளை மாற்ற வேண்டியிருந்தது; அந்த மாற்றம் என்ன என்று விவரிக்கும் ஆவணம் மட்டும் 2,500 பக்கம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் மாலை ஐந்து மணி வாக்கில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்பது. பீட்சா வரவழைத்து ராத்திரி முழுக்க விழித்திருந்து சாதிக்கும் மாவீரர்களுக்கு அங்கே இடமில்லை.

பிழை கண்டுபிடித்தால் எழுதியவனைத் திட்ட மாட்டார்கள். அந்தப் பிழை எந்த ஓட்டை வழியாகத் தப்பி வந்தது என்று தேடி அந்த ஓட்டையை அடைப்பார்கள். ஆனால் யாரையும் திட்டுவதில்லை என்பதால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடவில்லை. ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அந்தக் குழுவின் மூத்த தொழில்நுட்ப மேலாளர் ஃப்ளோரிடாவுக்கு விமானத்தில் போய், இந்த மென்பொருளால் ஓடத்துக்கு ஆபத்து வராது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மேலே ஏறி உட்காரப் போகிற ஏழு பேரை நினைத்துக்கொண்டுதான் போட்டிருப்பார்.

சி.எம்.எம். ஐந்தாம் நிலையை உலகில் முதலில் எட்டிய குழு இதுதான், 1989-ல்.

சி.எம்.எம்.மின் பிறப்பு வேறு ஒரு தேவையில் நடந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு மென்பொருள் எழுதித் தருவதாக ஒப்பந்தம் எடுத்தவர்கள் காலம் தாழ்த்தினார்கள், விலையை ஏற்றினார்கள், தந்ததும் ஓடவில்லை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டிலேயே இந்தப் புலம்பல் ஆரம்பித்துவிட்டது. "மென்பொருள் பொறியியல்" என்ற பெயரையே அங்கே வேண்டுமென்று சீண்டுவதற்காகத்தான் வைத்தார்கள்: பாலம் கட்டுகிறவனுக்கு இருக்கும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்க. பதினாறு வருஷம் கழித்து, 1984-ல், பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராணுவத்தின் பணத்தில் எஸ்.ஈ.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அங்கே 1986-ல் வந்து சேர்ந்தவர் வாட்ஸ் ஹம்ஃப்ரி. ஐ.பி.எம்.மில் 27 வருஷம் இருந்தவர். அறுபதுகளில் அங்கே ஆயிரக்கணக்கான புரோகிராமர்களுக்குப் பொறுப்பேற்றபோது எல்லா வேலையும் தாமதம். "திட்டத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டாராம், காட்ட யாரிடமும் திட்டமே இல்லை.

எஸ்.ஈ.ஐ.க்கு வந்தவுடன் அவருக்கு விமானப்படை தந்த வேலை எளிமையானது: பத்துப் பேர் டெண்டர் போட்டால் அதில் யார் உருப்படியாகச் செய்வான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1987-ல் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் நூற்றுச் சொச்சம் கேள்விகளோடு ஒரு வினாத்தாள் வந்தது. அதிலிருந்து வளர்ந்து 1991-ல் சி.எம்.எம். ஆனது. ஐந்து படிகள். முதல் படி, கடவுள் விட்ட வழி. ஐந்தாம் படி, தன் தவறுகளை அளந்து தன்னையே திருத்திக்கொள்ளும் அமைப்பு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது வாங்குகிறவன் விற்கிறவனை எடைபோடச் செய்த தராசு. ஒரு நிறுவனத்தை மட்டும் எடைபோடும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் ஆளைத் தட்டில் வைக்காது. எஸ்.ஈ.ஐ.கூட இதைச் சான்றிதழ் என்று சொல்லாமல் மதிப்பீடு என்றுதான் சொல்லிவந்தது. நம்மூரில் யார் கேட்டார்கள்?

இந்தத் தராசு இந்தியாவுக்கு வந்து இறங்கிய நேரம் அப்படி. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கெடுபிடிக்கு ஒத்துவராமல் 1978-ல் ஐ.பி.எம். நாட்டைவிட்டுப் போயிருந்தது. அதன்பிறகு நாம் செய்த ஏற்றுமதி பெரும்பாலும் ஆட்கள்தான். பெட்டி படுக்கையோடு ஆளை அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், அவன் வாடிக்கையாளரின் கண்முன்னே உட்கார்ந்து எழுதுவான். அப்போது யாருக்கும் சான்றிதழ் தேவைப்படவில்லை. மேஸ்திரி பக்கத்திலேயே நிற்கும்போது கொத்தனாருக்கு எதற்கு நற்சான்று? 1991-ல் அரசாங்கத்தின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தன, செயற்கைக்கோள் இணைப்பு வந்தது. வேலையே இங்கே வர ஆரம்பித்தது. அப்போதுதான் வாடிக்கையாளருக்குப் பயம் வந்தது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட முடியாத ஊரில், முகம் தெரியாத ஆட்கள். எதை வைத்து நம்புவது?

அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சி.எம்.எம். கிடைத்தது. 1994 வாக்கில் மோட்டோரோலாவின் பெங்களூர் மையம் ஐந்தாம் நிலையை எட்டியது. ஹூஸ்டன் குழுவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது. நியாயமாகப் பெருமைப்பட வேண்டிய விஷயம், அவர்கள் உழைத்துத்தான் வாங்கினார்கள். அதன்பிறகு தொண்ணூறுகளின் கடைசியில் பந்தயம் தொடங்கியது. ஒய்-டூ-கே அவசரத்தில் கோபால் படித்தவன், படிக்காதவன், மூன்று மாதத்தில் படித்தவன் எல்லோருக்கும் வேலை கிடைத்த காலம். டெண்டருக்கான தாளிலேயே "எந்த நிலை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நூற்றாண்டு திரும்பியபோது உலகில் ஐந்தாம் நிலையில் இருந்த நிறுவனங்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருந்தன.

இதனால் நன்மையே இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவனாவேன். காலேஜில் எனக்கு யாரும் சொல்லித்தராத பலவற்றை அந்தத் தடித்த பிராசஸ் மேனுவல்தான் சொல்லித்தந்தது. எந்தப் பதிப்பு எந்த வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று குறித்து வைப்பது, எழுதியதை இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பது, என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது, இத்தனை நாளாகும் என்று சொல்வதற்கு முன் போன தடவை எத்தனை நாளானது என்று பார்ப்பது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். அவை இல்லாத கம்பெனியிலும் பின்னால் வேலை பார்த்தேன் என்பதால் அருமை தெரியும்.

ஆனால் ஆடிட் ராத்திரி என்று ஒன்று உண்டே!

அப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். 2003. மதிப்பீட்டுக் குழு திங்கட்கிழமை வருகிறது. சனிக்கிழமை காலையிலிருந்து ஆபீஸ் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கான்ஃபரன்ஸ் ரூமில் பத்துப் பேர் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கான ரிவ்யூ படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். நடக்காத கூட்டங்களுக்கு மினிட்ஸ். என் லீட், நாகர்கோவில்காரர், நல்ல மனுஷன், "தேதி மட்டும் ஞாயித்துக்கிழமைல விழாம பாத்துக்க மக்கா" என்று ஒரு காலண்டரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேறு வேறு பேனாவில் எழுதச் சொன்னார்கள். ஒரே ஆள் எழுதிய மாதிரி இருக்கக் கூடாதாம்!

ஒரு ரிவ்யூவில் பிழையே கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினால் வரைபடத்தில் அந்தப் புள்ளி கோட்டுக்குக் கீழே போய்விடும், கேள்வி வரும். நிறைய எழுதினால் கோட்டுக்கு மேலே போய்விடும், அதற்கும் கேள்வி வரும். ஆகவே ஆயிரம் வரிக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணி, எழுத்துப்பிழை, இடைவெளிப்பிழை என்று நடுவாந்தரமாகத் தூவினோம். ஐந்தாம் நிலையின் உயிரே அளவீடு. அந்த அளவீட்டைச் சமையலுக்கு உப்புப் போடுகிற மாதிரி கையளவில் போட்டோம்.

அன்று ராத்திரி நான் பார்த்தே இராத ஒரு வட்டிக் கணக்கு மாட்யூலின் படிவத்தில் "பரிசீலித்தவர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை, பசி மட்டும்தான். நாலு மாதம் கழித்து அந்த மாட்யூலில், லீப் வருஷத்து பிப்ரவரி 29-ல் தொடங்கிய கடன்களுக்கு வட்டி தப்பாகப் போனது தெரியவந்தது. வேறு ஒரு நாட்டில், எனக்கு முகம் தெரியாத மனிதர்கள் சில வாரம் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். வங்கி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காரண ஆய்வு என்று ஒரு பக்கம் எழுதினார்கள்: "மனிதப் பிழை. பயிற்சி அளிக்கப்பட்டது." எனக்கு யாரும் எந்தப் பயிற்சியும் அளிக்கவில்லை. அந்தப் படிவத்தை எடுத்து "நீதானே பார்த்தாய்?" என்று ஒருவராவது கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அதில் இருந்த என் பெயர் மதிப்பீட்டாளருக்காக எழுதியது, கடன் வாங்கியவனுக்காக இல்லை.

ஆளுக்கு ஆள் இப்படி ஒரு கதை இருக்கும். சின்னத் தப்புகள், சின்னப் பொய்கள். பெரியது 2009 ஜனவரி 7 அன்று வெளியே வந்தது. சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகளில் பல வருடமாகப் பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்த நாள். அன்றைய பரபரப்பில் எல்லோரும் ஆயிரக்கணக்கான கோடிகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மனதில் தங்கியது சி.பி.ஐ. பின்னால் சொன்ன ஒரு சின்ன விவரம். 7,561 போலி இன்வாய்ஸ்கள். அவை கம்பெனியின் சொந்த இன்வாய்ஸ் மென்பொருளுக்குள்ளேயே போடப்பட்டவை. "சூப்பர் யூசர்" என்ற உள்நுழைவில் வந்தால் ஓர் இன்வாய்ஸை மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கலாம், வேண்டும்போது காட்டலாம். ஐந்தாம் நிலை வாங்கிய நிறுவனம் அது. அந்த வசதியை எழுதியவருக்கு அது எதற்கென்று தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. நாமும் எழுதியிருப்போம். கேட்டார்கள், செய்தோம், ஆணி முடிந்தது, அடுத்த ஆணி.

2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. ராஜுவும் சகோதரர்களும், நிதித்துறை ஆட்கள், கூடவே வெளியிலிருந்து கணக்கைச் சரிபார்த்த இரண்டு ஆடிட்டர்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பு சரியா தவறா என்று நான் சொல்லப் போவதில்லை. ஆடிட்டர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தது அவர்கள் போட்ட கையெழுத்து. மாயவரத்து ஆடிட்டர் சார் என் மனையின் மதிப்பை ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று இப்போது புரிகிறது.

எங்களுக்கும் கையெழுத்தைக் கொண்டுவர யாரும் முயலவில்லையா? அமெரிக்காவில் முயன்றார்கள். 1998-ல் டெக்சஸ் மாநிலம், மென்பொருள் பொறியாளர்களுக்கும் மற்ற பொறியாளர்களைப் போல உரிமம் என்று ஆரம்பித்தது. அடுத்த வருடமே கணினியாளர்களின் மிகப் பெரிய சங்கமான ஏ.சி.எம். உரிமத்தை எதிர்த்தது. இந்தத் தொழிலில் எதைத் தெரிந்திருந்தால் போதும் என்றே இன்னும் முடிவாகவில்லை, உரிமம் கொடுத்து மக்களிடம் பொய் நம்பிக்கையை உண்டாக்காதீர்கள் என்றது. அந்த வாதத்தை என்னால் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. கட்டடத்துக்கு இரும்பு எவ்வளவு தாங்கும் என்று அட்டவணை இருக்கிறது, நமக்கு அப்படி எதுவும் இல்லை. எப்படியோ, 2013-ல் அமெரிக்கா முழுமைக்குமான உரிமத் தேர்வு ஒன்று வந்தது. 2019-ல் நிறுத்திவிட்டார்கள். ஐந்து தடவை நடத்தியதில் எழுதியவர்கள் மொத்தம் 81 பேர். எங்கள் குடியிருப்பில் ஒரு பிளாக்கில் மட்டும் அதைவிட அதிகம் சாஃப்ட்வேர் ஆட்கள் இருப்போம் :-)

ஹம்ஃப்ரி கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. பலகைகளுக்கெல்லாம் தகப்பனான அவரே தொண்ணூறுகளில் வேறு பக்கம் திரும்பிவிட்டார். நிறுவனத்தை எடைபோட்டது போதாது, எழுதுகிறவனிடமே போக வேண்டும் என்று நினைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட புரோகிராம்களை அந்த வயதில் தானே எழுதி, ஒவ்வொன்றிலும் தான் செய்த பிழைகளையும் செலவழித்த நிமிடங்களையும் குறித்துவைத்துப் பரிசோதித்தார். 1995-ல் அதைப் புத்தகமாக்கினார். பி.எஸ்.பி. என்று பெயர், தனியாளுக்கான முறை. இதில் பலகை கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். இன்று என்ன தப்புச் செய்தேன், எந்தக் கட்டத்தில் புகுத்தினேன், எப்போது கண்டுபிடித்தேன், திருத்த எத்தனை நிமிடம். அதைப் பார்க்கும் உரிமை மேனேஜருக்குக் கிடையாது, எழுதியவருக்கு மட்டும்தான் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மேனேஜர் பார்ப்பார் என்றால் நாம் என்ன எழுதுவோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2000-ல் சென்னையில் ஒரு மென்பொருள் தர நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2010 அக்டோபரில் காலமானார். சி.எம்.எம். லெவல் 5 என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது, வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை கம்பெனிக்கு இருக்கிறதா என்று விசாரித்தவர்களை நான் அறிவேன். பி.எஸ்.பி.யை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? நானே அந்தப் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி எட்டு வருஷம் அலமாரியில் வைத்திருந்தேன்.

ஆடிட்டர் சாரைப் பார்த்துவிட்டு வந்த வாரம் அதை எடுத்தேன். தங்கமணி பையனின் மிச்சப்பட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். இன்றோடு பத்தொன்பது வேலைநாள். 61 தப்பு. நான் அவசரக்காரன் என்று நினைத்திருந்தேன், அவசரத்தில் செய்தவை பத்துக்குள்தான். 27 தப்பு, கேட்டது என்னவென்று சரியாகப் புரியாமலே, இன்னொரு தடவை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்ததால் வந்தவை. ஒன்று தேதி சம்பந்தப்பட்டது. பிப்ரவரி.